எடைக்கு வராதது

முதலாளியின் சொத்தை நிறுக்கிற தராசை நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இடது கையில் பிடித்திருக்கிறேன். வலது கை சும்மாதான் இருக்கிறது.

இடம் பஸ் ஸ்டாண்டு. இப்போது அங்கே பஸ் ஸ்டாண்டு கிடையாது. அதைத்தான் முதலில் தட்டில் தூக்கி வைத்தார்கள்.

நான் காய்கறிக்காரன். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் நிறுத்துப் போடுகிறேன். மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் கரண்டுத் தராசு வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை. கஞ்சத்தனம்தான், வேறு காரணம் ஒன்றுமில்லை. அதனால் ஊரிலேயே கைத்தராசு பிடிக்கிற ஆள் நான் ஒருத்தன் என்று ஆகிப்போனது. சனியன் அந்த வழியாகத்தான் வந்தது.

ஆரம்பித்து வைத்தது பிச்சாண்டி. என் கடைக்கு எதிரே டீக்கடை போட்டிருந்தான். அவனுக்கு எதையும் எதோடாவது ஒப்பிட்டால்தான் உறக்கம் வரும்.

"செல்வரங்கம் முதலாளிக்குச் சொத்து இருக்குல்லா, அதை வச்சு நம்ம ஊருக்கு எத்தன ஆஸ்பத்திரி கட்டலாம்? சொல்லும் பாப்போம்" என்றான்.

பேப்பரில் சொத்து மதிப்பைப் போட்டிருந்தார்கள். நான் சைபரை எண்ணிக்கொண்டே போனேன். பக்கம் முடிந்தது. திருப்பினால் அங்கேயும் சைபர்தான். நடுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்தது, அதைத் தாண்டியும் சைபர் போனது. பேப்பரை மடித்து வெண்டைக்காய் கட்டிவிட்டேன்.

பிச்சாண்டி விடவில்லை. திங்கட்கிழமை மனுக் கொடுத்தான். முதலாளி சொத்து எவ்வளவு பெரிசு என்று பொதுமக்களுக்குப் புரியும்படி காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தான். நகராட்சி மேலாளர் சாந்தகுமாரி மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

"நியாயமான கோரிக்கை" என்றார். "சைபர் சொன்னா யாருக்கும் புரியாது. பொருளா வச்சுக் காட்டணும். ஒரு தட்டுல அவர் சொத்து. இன்னொரு தட்டுல அரசாங்கம் நமக்குச் செலவழிச்சது. சமமா நிக்கும்போது எண்ணிப் பாத்துக்கலாம்."

"எண்ணிப் பாத்து?" என்றேன். நான் மனுக் கொடுக்கவில்லை. பிச்சாண்டியோடு துணைக்குப் போனவன்.

"புரிஞ்சுக்கலாம்."

"புரிஞ்சு?"

மேடம் அடுத்த மனுவை எடுத்தார்.

தராசு பிடிக்க ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எனக்குக் கை இருக்கிறது என்பதற்கான சான்றிதழ். வி.ஏ.ஓ. கண்ணாடி போட்டு என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுதி முத்திரை குத்தினார்.

"இடது கைக்கு மட்டும் போட்டிருக்கேன்" என்றார்.

"வலது கை?"

"அதுக்குத் தனி மனு. அது உங்க கைதான்னு ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்."

பிடிக்க ஒரு கை போதாதா, யார் அலைவது என்று வந்துவிட்டேன்.

தராசு என்னுடையதுதான். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு மைதானத்தில் நின்று தூக்கிப் பிடித்தேன். தட்டு இரண்டும் விரிந்தன. ஊர்த் தட்டின் அந்தப் பக்கத்து விளிம்பு எனக்குத் தெரியவில்லை. கனம் மட்டும் அதே கத்தரிக்காய்க் கனம்.

முதலாளி ஆட்டோவில் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டில் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு போன், மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். நல்ல மனுஷன். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சொத்து எங்கங்கய்யா?" என்றேன்.

"இதுலதான் இருக்கு" என்று போனைக் காட்டினார்.

கூட அவருடைய செக்ரட்டரி நிரஞ்சன். சட்டையை உள்ளே விட்டிருந்த பையன். கக்கத்தில் ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்திருந்தார். கடைக்காரன் கண் எப்போதும் பைக்குத்தான் போகும். என் கண்ணும் போனது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அது என் மடத்தனம்.

பஸ் ஸ்டாண்டை வைத்தார்கள். தராசு முள் முதலாளி பக்கமே சாய்ந்து கிடந்தது. பிள்ளைகளின் சத்துணவு முட்டையை ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கொட்டினார்கள். முள் அசையவில்லை. தெருவிளக்கு, குடிதண்ணீர்த் தொட்டி, சாக்கடை, சுடுகாட்டுக் கூரை. ஊர்க்காரர்களே ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தூக்கி வைத்தார்கள். திருவிழா மாதிரிதான் இருந்தது. யாரோ யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒவ்வொன்றும் ஏறும்போது நிரஞ்சன் கணக்குச் சொன்னார். அவ்வளவு சம்பாதிக்க முதலாளிக்கு எத்தனை நேரம் ஆகும் என்ற கணக்கு.

"பள்ளிக்கூடம்னா, ஐயா பல் விளக்குற நேரம். தண்ணித் தொட்டின்னா, செருப்பு மாட்டுற நேரம்."

"புரியுதா?" என்று மேடம் மைக்கில் கேட்டார்.

"புரியுது" என்றார்கள் ஜனங்கள்.

வீட்டுக்குப் போய்க் குழாயைத் திருகினார்கள். தண்ணீர் வரவில்லை. மறுபடி மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். இங்கே வேடிக்கையாவது இருந்தது.

பள்ளிக்கூடம் ஏறியபோது முள் கொஞ்சம் நகர்ந்தது போல எனக்குப் பட்டது. முதலாளி போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றார். "நீங்க பள்ளிக்கூடம் வைக்கிற நேரத்துல இங்க கொஞ்சம் ஏறிடுச்சு."

"நீங்க என்ன செய்வீங்கய்யா" என்றேன்.

"நானும் இறங்கணும்னுதான் பாக்கறேன். சமமாகாம எப்படி இறங்கறது?" என்று எனக்கு ஒரு கை கடலை நீட்டினார். வலது கையால் வாங்கித் தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

எனக்குக் கவலை பள்ளிக்கூடத்தைப் பற்றி இல்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. ஆவுடை இருக்கிறாள், என் பெண்டாட்டி. அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு மெஷின் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அவளுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடும். அதற்குக் காசு வாங்குவது கிடையாது. ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மூன்று தடவை தவறிய ஆளை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியின் முறை வந்தது. தராசைப் பிடித்தபடியே மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், எல்லாத்தையும் வைங்க. அந்த ஒரு மெஷினை மட்டும் விட்ருங்க. எம் பெண்டாட்டி உசிரு அதுலதான் ஓடுது."

மேடம் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் மேலே பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஐயா ஒரு கொட்டாவி விட ஆரம்பிச்சு வாயை மூடறதுக்குள்ள" என்றார். "இதெல்லாம் எடைக்கே வராதுங்க. வச்சாலும் ஒண்ணுதான், வைக்காட்டாலும் ஒண்ணுதான்."

"அப்ப எடுத்துக்கோங்க" என்றார் மேடம்.

இதைவிட நல்ல வார்த்தை அதற்கு முன்னால் என் காதில் விழுந்ததில்லை. எடைக்கு வராது. அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியைத் தட்டில் ஏற்றுவது லேசில் முடியவில்லை. அதன் நடைபாதை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் டோக்கனைப் பிடித்தபடி பெஞ்சோடு வந்தார்கள். என்னைத் தாண்டும்போது ஒரு அம்மா, "டாக்டர் வந்துட்டாராய்யா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நடைபாதை ஊர்த் தட்டுக்குள் சுருட்டி வைக்கப்பட்டது. டாக்டர் கடைசி வரை வரவில்லை.

மெஷினை மட்டும் உருட்டிக்கொண்டு வந்து என் வலது பக்கத்தில் நிறுத்தினார்கள். கூடவே ஒரு கட்டில், அதில் ஆவுடை. கையில் இரண்டு குழாய் போட்டிருந்தது. மெஷின் ஓடியது. ஊரில் கரண்டுக் கம்பமே கிடையாது, எல்லாம் தட்டில் இருந்தது. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும்.

"கை வலிக்கா?" என்றாள் ஆவுடை.

"வலிக்கல. கத்தரிக்காய்க் கனம்தான்."

"சாப்ட்டீங்களா?"

"கடலை தின்னேன்."

"முதலாளி கடலையா?"

"நல்லா வறுத்திருக்கான்."

அவள் தலையைத் திருப்பி நான் நிற்கிற நிலையைப் பார்த்தாள்.

"கடையில கறிவேப்பிலை வைக்கிற பக்கமாப் பாத்து என்னைப் போட்ருக்கீங்க" என்றாள்.

உண்மைதான். கடையில் என் வலது கைக்கு வாகாகக் கறிவேப்பிலையும் மல்லியும் இருக்கும். கொசுறுக்கு. கஞ்சன் என்று ஊரே என்னைச் சொல்லும், கொசுறு விஷயத்தில் மட்டும் சொல்ல முடியாது. நிறுத்துப் பையில் கொட்டியதும் ஒரு கொத்து மேலே போட்டுவிடுவேன். கொசுறு கேட்டு இல்லை என்று சொன்னால் அந்த ஆள் நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். பார்த்தெல்லாம் போடுவதில்லை. கண் அடுத்த ஆளைப் பார்க்கும், கை அது பாட்டுக்குப் போய் எடுத்துப் போடும்.

"ஊருக்கெல்லாம் கொசுறு. என் குழம்புக்கு ஒரு நாளாவது கறிவேப்பிலை வீடு வந்து சேந்திருக்கா?" என்றாள் ஆவுடை.

"இதெல்லாம் முடியட்டும். ஒரு கட்டுக் கொண்டாரேன்."

"கிழிச்சீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்புத்தான். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

பிச்சாண்டி மூன்றாவது வாரம் எடைக்கல்லாக ஆனான். காலையில் பார்த்தால் அவன் நின்ற இடத்தில் இரும்பு எடைக்கல் ஒன்று இருந்தது. அறுகோணம், மேலே பிடிக்க ஒரு வளையம். வயிற்றில் இந்த வருஷத்து முத்திரை இருந்தது. முத்திரை இருப்பதால் சட்டப்படி செல்லும் என்றார் மேடம். நிரஞ்சன் அவனைத் தூக்கி முதலாளியின் தட்டில் வைத்தார்.

"அவன் நம்ம ஆளுல்லா?" என்றேன்.

"எடைக்கல் சொத்துப் பக்கம்தான் வைக்கணும்" என்றார் நிரஞ்சன். "நீங்க வியாபாரிதானே?"

வழக்கம் அதுதான். பிச்சாண்டியின் பெண்சாதி தினமும் ஒரு டீ கொண்டுவந்து கல்லுக்கு முன்னால் வைத்தாள். முதலாளி அதைக் குடித்தார். வீணாகக் கூடாதல்லவா என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் மிச்சமிருந்தது ஆட்கள்தான். ரேஷன் அரிசி வாங்குகிறவர்கள், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள், ஓசி பஸ்ஸில் போகிற பெண்கள். இவர்களும் அரசாங்கச் செலவுதான் என்று மேடம் விளக்கினார். வரிசையில் நின்று ஏறினார்கள். ஏறும்போதே முந்தி ஏறியவர்களிடம், "இங்கேருந்து பாத்தா சொத்து நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டார்கள். தெரியுது என்றார்கள் மேலே இருந்தவர்கள். பிச்சாண்டியின் பெண்சாதியும் டீச்சட்டியோடு ஏறிவிட்டாள்.

கடைசியில் மேடம் மைக்கை அணைத்தார். தன் நாற்காலியைத் தூக்கி ஊர்த் தட்டில் போட்டார்.

"என் சம்பளமும் அரசாங்கச் செலவுதானே" என்று தானும் ஏறி உட்கார்ந்தார்.

முள் நிமிர்ந்தது.

முள் அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் போகவில்லை. நட்ட நடுவில் நின்றது. முதலாளி போனைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் ஏறாம நிக்குது" என்றார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று மேடம் தட்டின் மேலிருந்து கேட்டார். கீழே பதில் சொல்ல யாரும் இல்லை. நிரஞ்சனை விட்டால் நானும் ஆவுடையும் மட்டும் இருந்தோம்.

"புரிஞ்சுது மேடம்" என்றேன்.

நிரஞ்சன் கக்கத்திலிருந்து மஞ்சப்பையை எடுத்தார். உதறினார். ஊர்த் தட்டுக்குக் கீழே வாயை விரித்துப் பிடித்தார்.

"கொட்டுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?" என்றார் மேடம். "ஒப்பிட்டுப் பாக்கத்தானே வச்சோம்?"

"நிறுத்தாச்சுங்க. நிறுத்த சரக்கை யாராவது திரும்பக் கூடையில கொட்டுவாங்களா? அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

"மார்க்கெட்ல அப்படி வழக்கம் கிடையாது" என்றேன்.

"காசு?" என்றார் மேடம்.

"சொத்து எவ்வளவுன்னு புரிஞ்சுதுல்ல? அதுக்குத்தானே மனு வந்துச்சு?" என்றார் நிரஞ்சன். மேடம் யோசித்தார். மனுவில் அப்படித்தான் இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

தட்டைச் சாய்த்தேன். பஸ் ஸ்டாண்டு, முட்டை, தண்ணித் தொட்டி, ஆஸ்பத்திரி நடைபாதை, ஜனங்கள் எல்லாம் பைக்குள் போனது. கத்தரிக்காய் கொட்டுகிற சத்தம்தான் வந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பை நிறையவும் இல்லை.

ஊர் போனதில் உனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. நாசமாய்ப் போகிற வருத்தம் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். என் காது வலது பக்கம்தான் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எடைக்கு வராது என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். ஆவுடையும் நானும் எப்படியாவது பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். எங்கே குடியிருப்பது, எதைத் தின்பது என்றெல்லாம் நினைக்கவில்லை.

நிரஞ்சன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார். பையை இறக்கி, வாயை லேசாக விரித்து என் பக்கம் நீட்டினார். எல்லாரும் செய்வதுதான். என் கடையில் தினமும் எல்லாரும் செய்வதுதான்.

"கொசுறு?" என்றார்.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை போய்விட்டது. வலது கை. அது என் கைதான் என்பதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை. வலது பக்கம் போய், துழாவி, இருந்ததை எடுத்தது. கறிவேப்பிலைக் கொத்தளவுதான் கனம். மெஷினும் கட்டிலும் குழாயும் ஆவுடையும் சேர்ந்தே அவ்வளவுதான்.

"ஏங்க" என்றாள் ஆவுடை.

"நான் இல்ல ஆவுடை. கை."

"தெரியும்" என்றாள். "இன்னைக்கு நானா?"

பையில் போட்டுவிட்டது. போட்டுவிட்டு, வழக்கம்போல, என் வேட்டியில் துடைத்துக்கொண்டது.

"அதை எடைக்கு வராதுன்னு சொன்னீங்களே தம்பி" என்றேன்.

"வராதுங்க" என்றார் நிரஞ்சன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எடைக்கு வந்தா அது எப்படிங்க கொசுறாகும்?"

பையின் காதை முடிச்சுப் போட்டு முதலாளியின் காலடியில் வைத்தார். அதை வைத்ததில் தராசு கொஞ்சம்கூட அசையவில்லை. முதலாளி போனைப் பார்த்தார். பாவமாக என்னைப் பார்த்தார்.

"இதையும் சேத்து இப்ப நல்லா ஏறிடுச்சு" என்றார். "மறுபடி முதல்லேருந்து ஒப்பிட்டாத்தான் எவ்வளவுன்னு தெரியும்."

"வைக்க ஒண்ணும் இல்லையேய்யா."

"ஆமா" என்றார். "அப்ப நான் எப்படி இறங்கறது?"

யோசித்துக்கொண்டே கொட்டாவி விட்டார். வாயைத் திறந்து மூடினார். அந்த மெஷினுக்கு அவ்வளவு நேரம்தான்.

ஊர்த் தட்டு காலியாக மேலே நிற்கிறது. முதலாளி, போன், பிச்சாண்டி, மஞ்சப்பை எல்லாம் இந்தத் தட்டில். காதைக் கூர்மையாக்கினால் பைக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சில நேரம் கேட்பதில்லை. அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். பிறகு கேட்கும்.

நேற்று ஆவுடை பேசினாள்.

"ஏங்க, கையை இறக்குங்க. வலிக்கும்லா."

வலிக்கத்தான் செய்கிறது. இப்போது கத்தரிக்காய்க் கனம் இல்லை. ஆனால் இறக்கினால் தட்டு தரையில் இடிக்கும், இடித்தால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். அதனால் இடது கையில் பிடித்திருக்கிறேன். வலது கையைத் துணைக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது வரவில்லை.